டார்ட்டிங்டன் ஹால்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். மகள் புதுப் பள்ளிக்கூடத்தில் ஒருவழியாக ஒட்டிக்கொண்டுவிட்டாள்.

உங்கள் கமிட்டி பேசிக்கொண்டிருக்கும் பழைய மாளிகையை வேறு உபயோகத்துக்கு விட்டால் அதன் உயிர் போய்விடும் என்று எழுதியிருந்தாய். எனக்கு அதில் உடன்பாடில்லை. இங்கிலாந்தின் டெவனில் டார்ட்டிங்டன் ஹாலைப் பார்த்துவிட்டு வந்த பிறகு துளிக்கூட இல்லை.

1388 வாக்கில் ஜான் ஹாலண்ட் கட்டத் தொடங்கிய மாளிகை அது. அவர் இரண்டாம் ரிச்சர்ட் மன்னருக்கு அண்ணன் முறை; தாய் ஒன்று, தந்தை வேறு. மண்டப வாசலில் உள்ள கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், கல் வளைவுகள் வந்து கூடும் இடத்தில், ரோஜாவின்மேல் படுத்திருக்கும் வெள்ளைக் கலைமான் தெரியும். மான் ரிச்சர்டின் சின்னம். மன்னர் 1399இல் அரியணை இழந்தார். அடுத்த ஜனவரியில் ஹாலண்டின் தலை போயிற்று. கல்லில் செதுக்கிய விசுவாசம் மட்டும் அங்கேயே இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் ஒரு குறுக்கு நடை. ஒரு பக்கம் மதுவறை, ரொட்டி அறை, சமையற்கட்டு, மறுபக்கம் பெருமண்டபம். ஏறத்தாழ 70 அடி நீளம், 40 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. கூரையைத் தாங்கச் சுவரிலிருந்து குட்டை உத்திரங்களை உள்ளே நீட்டி, அவற்றின் நுனியில் கால் நிறுத்தி, அதன்மேல் அடுத்த கட்டை ஏற்றியிருக்கிறார்கள். சுவருக்குச் சுவர் முழு உத்திரம் போட வேண்டிய அவசியமே இல்லை. நீ பார்த்தால் கழுத்து வலிக்க வலிக்க அங்கேயே நின்றிருப்பாய்.

ஆனால் அது ஹாலண்ட் காலத்துக் கூரை இல்லை. சாம்பர்னவுன் குடும்பம் 1559 முதல் மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் அங்கே இருந்தது. 1813இல் மண்டபக் கூரையைப் பிரித்துவிட்டார்கள். அதன்பின் நூறு வருஷத்துக்கும் மேலாக மண்டபம் மழையில் நனைந்தது. வீடு வீடாகவே, அதே குடும்பத்தின் கையில் இருந்தபோதுதான் இந்தக் கதி, கவனி!

1925இல் லெனர்ட், டாரதி எல்ம்ஹர்ஸ்ட் தம்பதி அதை வாங்கினார்கள். லெனர்ட், வங்காளத்தின் ஸ்ரீநிகேதனில் தாகூரோடு கிராமப் புனரமைப்பு வேலை செய்தவர். அதே மாதிரியான வேலையை டெவன் கிராமப்புறத்தில் செய்ய ஆசைப்பட்டார். டாரதியிடம் பணம் இருந்தது. பள்ளி வந்தது, பண்ணை வந்தது, நடனமும் நாடகமும் வந்தன. வில்லியம் வியர் என்ற கட்டடக் கலைஞர் ஓக் மரத்தில் மண்டபக் கூரையைப் புதிதாக எழுப்பினார். பழைய களஞ்சியத்தை நாடக அரங்காக்கும் வேலையில், ஜெர்மனியில் பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியைத் தொடங்கிய வால்டர் க்ரோப்பியஸே கைவைத்தார். இப்போது அங்கே சினிமா ஓடுகிறது.

முற்றத்தின் ஓரமாக நீளும் விடுதி வரிசையில்தான் நான் அதிக நேரம் நின்றேன். ஹாலண்டின் பரிவாரம் தங்குவதற்காகக் கட்டியது. தனித்தனி வாசல், தனித்தனி அறை. ஓர் அறைக்குப் போக இன்னோர் அறையைக் கடக்க வேண்டாம். கூட்டமாகச் சாப்பிட ஒரு மண்டபம், தனியாகத் தூங்க அறைகள், நடுவே எல்லோரும் கூட முற்றம். ஒரு கல்லூரிக்கு வேறென்ன வேண்டும்? ஆட்கள் நிறைந்திருக்கவென்றே போட்ட பிளான் அது. நாலு பேர் குடும்பத்துக்கு அது எந்நாளும் பெரிதுதான். 1953 முதல் கோடைக்கால இசைப் பள்ளியும் அங்கே நடந்தது. அந்த மண்டபத்துக்கு மறுபடியும் ஆள் சத்தம் கேட்டது.

அதனால் உங்கள் கமிட்டியில் பேசும்போது "மாற்றலாமா, கூடாதா" என்று தொடங்காதே. உங்கள் மாளிகையின் பிளான் எத்தனை பேருக்காகப் போட்டது, யார் எந்த வாசலில் வந்து போனார்கள் என்று முதலில் பார். தரைத்தள வரைபடம் இருந்தால் போட்டோ எடுத்து அனுப்பு, உட்கார்ந்து பார்க்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் பழைய அறைத்தோழன்