காலாண்டு நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. விடுமுறை கழிந்து பள்ளி திறந்ததும் மதிப்பெண் பட்டியலைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவோம். வட்டார விளையாட்டுப் போட்டிகளில் நம் மாணவியர் கோகோவிலும் கபடியிலும் சிறப்பாக ஆடினார்கள். கலைத் திருவிழாவில் நம் வில்லுப்பாட்டுக் குழு பரிசு பெற்றது. உழைத்த ஆசிரியர்களுக்கும் ஒத்துழைத்த உங்களுக்கும் பாராட்டுகள்.

அடுத்து, வாய்க்கால் கரையில் நிற்கும் மருதமரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

அந்த மரத்தில் பழந்தின்னி வௌவால்கள் தொங்குவது புதிதல்ல. உங்களில் பலர் இங்கே படித்த காலத்திலும் அவை அங்கேதான் இருந்தன. கேரளத்தில் நிபா என்று செய்தி வரும்போதெல்லாம் பெற்றோர் மத்தியில் கவலை எழும். இந்த முறை அது மரத்தை வெட்டச் சொல்லும் மனுவாக என் மேசைக்கு வந்திருக்கிறது. பெற்ற பிள்ளைக்காகப் பயப்படுவதில் தவறே இல்லை. அந்தப் பயத்துக்கு ஆதாரமும் உண்டு.

2018-ல் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் நிபா 17 பேரின் உயிரைப் பறித்தது. அப்போது பேராம்பிரா பகுதியில் பிடித்த வௌவால்களைப் புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம் பரிசோதித்தது. சிலவற்றில் நிபா இருந்தது. நோயாளிகளிடம் எடுத்த வைரஸும் அதுவும் மரபணு அளவில் கிட்டத்தட்ட ஒன்றே. 2024-ல் மலப்புரத்தில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் இதே நோயால் இறந்தான். நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வயது அது.

மனுவோடு இணைத்திருந்த 'தமிழ்நாட்டு வௌவால்களிலும் கொரோனா' என்ற செய்தியும் பொய்யல்ல, அரைகுறையானது. கேரளம், இமாச்சலப் பிரதேசம், புதுச்சேரி, தமிழ்நாடு ஆகிய இடங்களின் பழந்தின்னி வௌவால்களில் கொரோனா குடும்பத்து வைரஸ்கள் இருப்பதாக அதே நிறுவனத்தினர் 2020-ல் அறிவித்தார்கள். அவை கோவிட் நோயைத் தந்த வைரஸ் அல்ல. அந்தக் குடும்பம் மிகப் பெரியது.

கொரோனா குடும்பம் மட்டுமல்ல, வௌவால்களிடம் மொத்தம் எத்தனை வகை வைரஸ்கள் இருக்கின்றன என்பதை நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் மரத்தில் தொங்கும் அதே இன வௌவால்களை வங்கதேசத்தில் ஆராய்ந்தவர்கள் 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்த ஓர் இனத்தில் மட்டும் பல குடும்பங்களைச் சேர்ந்த 55 வைரஸ்கள் கிடைத்தன. அவற்றில் 50, அதுவரை அறிவியல் அறியாதவை. ஏன் இத்தனை? இவ்வகை வைரஸ்கள் பலவும் தம்மைத் தாமே படியெடுக்கும்போது பிழை விடுகின்றன. 'சொல்வதை எழுதுக' என்று வகுப்பில் வாசித்தால் நாற்பது நோட்டில் நாற்பது விதமாக வருமே, அதுபோல. போதாக்குறைக்கு, ஒரே வௌவாலின் உடலில் இரண்டு வைரஸ்கள் சேர்ந்தால் மரபணுத் துண்டுகளை மாற்றிக்கொள்வதும் உண்டு. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் ஒரே குகையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள், 2002–03-ல் சார்ஸ் நோயைப் பரப்பிய வைரஸின் எல்லாத் துண்டுகளும் அங்குள்ள வௌவால்களிடையே சிதறிக் கிடப்பதை 2017-ல் காட்டினார்கள். வௌவாலின் நோய் எதிர்ப்பு முறை நம்முடையதிலிருந்து வேறுபட்டது. பெரும்பாலும் நோயுறாமலே அது இவற்றைச் சுமந்து வாழ்கிறது.

படிக்கும்போது உங்களுக்கு அச்சம் கூடியிருக்கலாம். எனக்கு நேர்மாறாக ஒரு தெளிவு வந்தது. வைரஸ்களில் எத்தனை வகை என்பது நம் கையில் இல்லை. அவை நம்மிடம் வந்து சேரும் வழி நம் கையில் இருக்கிறது. மலேசியாவில் 1998–99-ல் நிபா பன்றிப் பண்ணைகள் வழியாக மனிதர்களுக்கு வந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. வங்கதேசத்தில் அது வந்த முக்கிய வழி, வௌவால் வாய்வைத்த பச்சை ஈச்சம்பதநீர். மரத்தின் உச்சியில் தொங்கும் வௌவால் எதுவும் தானாக இறங்கி வந்து நோயைத் தரவில்லை.

நம் பள்ளியில் அந்த வழிகள் திறந்தே கிடக்கின்றன. ஜூலையில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், கீழே விழுந்த இளம் வௌவாலைச் செருப்பு அட்டைப்பெட்டியில் வைத்து வகுப்புக்குக் கொண்டுவந்துவிட்டான். காற்றுக்காக மூடியில் காம்பஸ் முனையால் ஓட்டைகள் போட்டு, உள்ளே ஒரு கொய்யாத் துண்டும் வைத்திருந்தான். அவன் இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எங்களுக்குத் தெரியவருவதற்குள் பாதி வகுப்பு அதைத் தொட்டுப் பார்த்துவிட்டது. வாதாமரத்தடியில் பிள்ளைகள் பொறுக்கித் தின்னும் பழங்களைப் பாருங்கள்: பலவற்றில் தோலில் பல் பதிந்திருக்கும், பக்கத்திலேயே வௌவால் மென்று துப்பிய சக்கை கிடக்கும். 'கடித்த பழம்தான் இனிக்கும்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள்தான்.

இதைவிடக் கவலையான ஒன்று சென்ற வாரம் நடந்தது. இரவில் சிலர் மரத்தடியில் வெடி வைத்திருக்கிறார்கள். காலையில் வெடிக் காகிதங்களுக்கு நடுவே இறக்கை கிழிந்த வௌவால்கள் உயிரோடு துடித்துக்கொண்டிருந்தன. சுற்றிலும் நம் பிள்ளைகள். வெடி வைத்தவர்களில் நம் பெற்றோரும் உண்டு என்று அறிகிறேன். எந்த நோய்க்குப் பயந்தீர்களோ, அதைப் பிள்ளைகளின் காலடியில் கொண்டுவந்து போட்டிருக்கிறீர்கள். இதை நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன். இன்னொரு முறை நடந்தால், யாராக இருந்தாலும், வனத்துறையிலும் காவல் நிலையத்திலும் புகார் கொடுப்பேன். பழந்தின்னி வௌவால்களைத் தீங்குயிர் என்று வைத்திருந்த பட்டியல், 2022-ன் வனவிலங்குச் சட்டத் திருத்தத்தோடு நீக்கப்பட்டுவிட்டது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

விரட்டினால் தொல்லை தீரும் என்பவர்களுக்கு உகாண்டாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கிடாகா என்ற சுரங்கத்தில் 2007-ல் தொழிலாளர்களுக்கு, வௌவால்களிடமிருந்து தொற்றும் மார்பர்க் என்ற கொடிய வைரஸ் நோய் வந்தது. அங்கிருந்த வௌவால்களை முழுவதுமாக அழித்தார்கள். சில ஆண்டுகளில் வேறு வௌவால்கள் வந்து குடியேறின. அவற்றில் அந்த வைரஸ் முன்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது: சுமார் 5 சதவீதமாக இருந்தது 13 சதவீதமாகிவிட்டது. 2012-ல் பக்கத்து ஊரில் மீண்டும் நோய் பரவியது. ஆஸ்திரேலியாவிலும், காடும் இரையும் குறைந்து வௌவால்கள் ஊர்ப்பக்கம் ஒதுங்கிய காலங்களில்தான் அவை சுமக்கும் ஹெண்ட்ரா என்ற வைரஸ் குதிரைகளுக்கு அதிகம் தொற்றியது. மருதமரத்தை வெட்டினால் நம் வௌவால்கள் ஊரைவிட்டுப் போய்விடாது. நம் வீட்டு மாமரத்துக்கும் கோயில் தோப்புக்கும் பிரிந்து வரும். எனவே அந்த மனுவை நான் பரிந்துரைக்கப் போவதில்லை.

அதற்குப் பதிலாக, மரத்தடியைச் சுற்றி வேலி போட ஏற்பாடு செய்கிறோம். வாதாமரத்தடியில் விழுவதைக் காலை மணி அடிக்கும் முன்பே, கையுறை போட்டுப் பெருக்கிவிடுவோம். நீங்கள் வீட்டில் செய்ய வேண்டியது: கடித்த பழத்தைத் தூக்கி எறியுங்கள், நல்ல பழத்தையும் கழுவித் தோல் சீவிக் கொடுங்கள். கிணற்றையும் பதநீர்க் கலயத்தையும் மூடி வையுங்கள். விழுந்து கிடக்கும் வௌவாலைத் தொடாமல் பெரியவர்களிடம் சொல்லப் பழக்குங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தீபாவளிக்கு அந்தக் கரையில் மட்டும் வெடி வேண்டாம்.

கடுமையாக எழுதிய வரிகள் எவரையும் புண்படுத்த அல்ல. மனு கொடுத்தவர்கள்தான் இந்தப் பேச்சைத் தொடங்கிவைத்தார்கள். அவர்களுக்கு என் நன்றி. அன்று காலை தகவல் தெரிந்ததும் ஓடிவந்து பிள்ளைகளை அப்புறப்படுத்திய தாய்மார்களுக்கும், வேலிக்குக் கம்பி தருவதாகச் சொன்ன தகப்பனாருக்கும் பள்ளி கடமைப்பட்டிருக்கிறது. பள்ளி திறந்த முதல் வெள்ளிக்கிழமை மாலை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையும் அழைத்திருக்கிறோம். கேள்விகளோடு வாருங்கள்.

பிள்ளைகளுக்கு நல்ல விடுமுறை அமையட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்