ஃபோடன் இன்னும் ஓடுகிறது

பிரஸ்டன்
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. உன் கையெழுத்து மறுபடி கோடு போட்ட மாதிரி நேராக வந்திருந்தது. தங்கச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? இங்கே என் வீட்டுக்காரிக்கு முழங்கால் மாற்றி மூன்று மாதம் ஆகிவிட்டது. இப்போது மாடிப்படி தானே ஏறி இறங்குகிறாள். சின்னவன் மான்செஸ்டரில் வீடு வாங்கிவிட்டான். பால் காய்ச்சும் அன்று எடுத்த படங்களை உன் பேத்தியின் போனுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

சரி, இன்றைக்கே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. இன்று காலை ஒரு பழைய கார்ட்னர் டீசல் இன்ஜின் ஓடுவதைக் கேட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. இதை வேறு யாரிடம் சொல்வது?

லேலண்ட் ஊரில், கிங் தெருவில், பழைய லாரி பஸ்களுக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நீ கோயம்புத்தூருக்குத் திரும்பிய பிறகு, 1983-ல் திறந்தது. பழைய வண்டியைச் சொந்தமாக வைத்துப் பராமரிப்பவர்கள் சில ஞாயிறுகளில் அங்கே ஓட்டிக்கொண்டு வருவார்கள். பெரியவன் என்னைக் கொண்டுபோய் இறக்கிவிட்டான். காரை விட்டு இறங்கியதுமே காதில் விழுந்தது. எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை, ஆனால் என்ன இன்ஜின் என்று தெரிந்துவிட்டது. நெல் குத்தும் வீட்டில் இரண்டு உலக்கை மாறி மாறி விழுமே, அந்த நிதானம். சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். இரண்டு லாரிக்குப் பின்னால் நின்றது, நம் செட்டில் நின்ற பழைய ஃபோடன் பஸ்ஸேதான்.

நம்முடையது இல்லை, அதன் கூடப் பிறந்தது. அதே பி.வி.எஸ்.சி.6 மாடல், 1940-களின் கடைசியில் செஷையரில் சாண்ட்பாக் பட்டறையிலிருந்து வந்தது. டிரைவருக்குத் தனிக் கூண்டு, பக்கத்தில் நீண்ட பானெட், அதற்குள் கார்ட்னரின் 6எல்.டபிள்யூ. இன்ஜின். ஸ்லோவில் நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி ஒவ்வொன்றும் தன் சட்டத்துக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தேன். ஒவ்வொரு அடியும் முழங்கை வரை ஏறியது. அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உனக்கு நினைவிருக்கும், 1962 அக்டோபரில் வேலை வவுச்சரைக் கையில் வைத்துக்கொண்டு இந்த ஊரில் வந்து இறங்கினோம். மதராஸில் லேலண்ட் காமெட் வண்டிகளில் கை பழகியவர்கள், அதனால் டீசல் நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இறங்கிய அன்று இரவு பிளாக்பூலில் விளக்கு அலங்காரம் பார்த்துவிட்டுத் திரும்பும் கோச் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊரைக் கடந்து போயின. நீ நடைபாதையிலேயே நின்றுவிட்டாய். "இது நம்ம மவுண்ட் ரோடு சத்தம்டா" என்றாய். நடுவில் வேறு மாதிரி அடித்துக்கொண்டு ஒன்று போனது. "இது யாரு?" என்று கேட்டாய். அதுதான் நாம் கேட்ட முதல் கார்ட்னர் என்று மறுவாரம் பஸ் செட்டில் ஃபிட்டராக வேலைக்குச் சேர்ந்த பிறகு தெரிந்தது.

அப்புறம் வந்தது அந்தக் குளிர்காலம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பனி கொட்ட ஆரம்பித்தது, மார்ச் வரை தரையே தெரியவில்லை. 1740-க்குப் பிறகு இங்கிலாந்து கண்ட கடுங்குளிர் அதுதான் என்று பின்னால் படித்தேன். நமக்கு அப்போது அது தெரியாது, இந்த ஊரில் வருஷா வருஷம் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்தோம். ஜனவரியில் ஒருநாள் அதிகாலை ஐந்து மணிக்கு வந்தால், வெளியே நின்ற ஒரு வண்டிகூடக் கிளம்பவில்லை. நீ ஃபில்டரைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் காட்டினாய். டீசலில் உள்ள மெழுகு குளிரில் பிரிந்து, உறைந்த தேங்காய் எண்ணெய் மாதிரி வெள்ளையாக அடைத்துக்கொண்டிருந்தது. சாக்கைச் சுற்றி, கெட்டில் கெட்டிலாக வெந்நீர் ஊற்றினோம். ஊற்றிய தண்ணீர் காலடியில் விழுந்து உறைந்தது.

செட்டுக்குள் நின்ற ஒரே வண்டி அந்தப் பழைய ஃபோடன். பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் ஆலைத் தொழிலாளர்களையும் ஏற்றத்தான் அதை வைத்திருந்தார்கள், பதினான்கு வயசான வண்டி. பாட்டரி பாதி செத்திருந்தது. சிலிண்டரில் அழுத்தம் சேராமல் வைக்கும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு, கார்ட்னருக்கு ஹீட்டர் பிளக் எதுவும் வேண்டாம் என்று ஃபோர்மேன் சொன்னதை நம்பி, நீயும் நானும் முன்னால் ஹேண்டிலைப் பிடித்துச் சுற்றினோம். வேகம் பிடித்ததும் அவர் லீவரை இறக்கினார். ஒன்று அடித்தது. அப்புறம் மூன்று. அப்புறம் ஆறும். வெள்ளைப் புகை கூரை வரை போய், பிறகு தெளிந்தது. அந்த ஃபோடன்தான் மற்ற வண்டிகளைச் சங்கிலியில் கட்டி முற்றத்தைச் சுற்றி இழுத்து ஒவ்வொன்றாகக் கிளப்பிவிட்டது. அன்றிலிருந்துதான் எனக்கு அதன் மேல் மரியாதை.

என்ன ஓர் இன்ஜின், யோசித்துப் பார். 8.4 லிட்டர். நிமிடத்துக்கு 1,700 சுற்றுக்கு மேல் போக, வேகத்தைப் பிடித்து வைக்கும் கவர்னர் விடாது. வெறும் 102 குதிரைச் சக்தி, இன்றைக்குச் சில சின்னக் கார்களுக்கே அதைவிட அதிகம் இருக்கிறது. ஆனால் ஆறு அங்குல ஸ்ட்ரோக். மெதுவாகச் சுற்றி, முழுசாக இழுக்கும். டீசலையும் எண்ணி எண்ணித்தான் குடிக்கும். சிலிண்டர்களை மூன்று மூன்றாக இரண்டு பிளாக்காகப் பிரித்திருந்தார்கள். ஒரு பக்கம் கோளாறு என்றால் அந்தப் பக்கத்து ஹெட்டை மட்டும் இறக்கலாம், மற்றதைத் தொட வேண்டியதில்லை. நாளைக்கு இதை ஒருவன் கழற்றப் போகிறான், அவன் கைக்கு இடம் வேண்டும் என்று நினைத்துச் செய்தவர்கள் அவர்கள். ஓவர்ஹால் முடித்து ஷாப் என்ற மலைமேட்டில் ஓட்டிப் பார்த்தோமே, அப்போது எம்6 நெடுஞ்சாலை அந்தப் பக்கம் வரவில்லை. பழைய ஏ6 சாலையில் 1,400 அடி உச்சி வரை செகண்ட் கியரில் ஏறியது. மழை, எதிர்க்காற்று. சத்தம் கொஞ்சமும் மாறவில்லை. நீ கண்ணை மூடிக்கொண்டு விரலால் தாளம் போட்டுக்கொண்டு வந்தாய்.

காமர் அவெஞ்சர் கோச்சை மறந்திருக்க மாட்டாய். தெருமுனையில் வரும்போதே ஊளையிடுமே, அதுதான். டில்லிங் ஸ்டீவன்ஸ்காரர்கள் மெய்ட்ஸ்டனில் தயாரித்த அந்த டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் படுத்தவாக்கில் மூன்று சிலிண்டர், ஒவ்வொன்றிலும் எதிரும் புதிருமாக இரண்டு பிஸ்டன். ஹெட் கிடையாது, வால்வு கிடையாது, வால்வு இடைவெளி பார்த்து டாப்பெட் வைக்கும் வேலையே இல்லை. 3.26 லிட்டரில் 105 குதிரைச் சக்தி, கார்ட்னரைவிட மூன்று அதிகம்! இன்று அது ஒன்றும் வரவில்லை, ஏமாற்றம்தான். ஒரு தடவையாவது உயிரோடு கேட்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

லேலண்டின் லெப்பர்ட் கோச் வந்திருந்தது. 36 அடி நீளம், ஸ்கார்பரோவில் பிளாக்ஸ்டன் கட்டிய பனோரமா எலீட் பாடி, வளைந்த பெரிய கண்ணாடிகள். 1969-ல் நம் செட்டுக்கு அந்த மாதிரி முதல் வண்டி வந்தபோது உள்ளே ஏறி உட்கார்ந்து, "இது பஸ் இல்லடா, மீன் தொட்டி" என்றாய். ஆனால் வண்டிக்கு அடியில் வேலை பார்க்கும் பள்ளமான பிட்டில் இறங்கினால் வேறு கதை. 11.1 லிட்டர் இன்ஜின் தரைக்கு அடியில் பக்கவாட்டில் படுத்திருக்கும். தலைக்கு மேல் கையைத் தூக்கி, டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றும்போது எண்ணெய் மணிக்கட்டில் தொடங்கி ஸ்வெட்டர் கைக்குள் இறங்கி அக்குள் வரை வரும். என் பழைய ஸ்வெட்டர் ஒன்றில் அந்தக் கறை கடைசி வரை போகவில்லை.

இன்று அந்த வண்டியில் ஒரு சுற்று கூட்டிப்போனார்கள். நான் நடுவில், இன்ஜின் மூடிக்கு மேலே உள்ள சீட்டில் உட்கார்ந்தேன். கிளட்ச் இல்லாத அந்த கியர், டிரைவர் சின்ன லீவரைத் தட்டும்போது காற்று விடும் சத்தம், மூன்றாவதில் ஏறும்போது ஒரு விசில், எல்லாம் அப்படியே இருந்தது. கண்ணை மூடினால் வேக்ஸ் வாரம்தான். ஊருக்கு ஒரு வாரம் என்று முறை வைத்து ஆலைகளை மூடுவார்கள், புகைபோக்கியில் புகை நிற்கும், தெருத்தெருவாக ஜனம் பெட்டியோடு கடலுக்குக் கிளம்பும். முந்தின வெள்ளிக்கிழமை நாம் வீட்டுக்கே போகமாட்டோம். விடிய விடிய பிரேக், பெல்ட், எண்ணெய் பார்த்து ஒவ்வொரு வண்டியாக வெளியே விடுவோம். தேர்த் திருவிழாவுக்கு முந்தின ராத்திரி மாதிரி இருக்கிறது என்பாய். விடிந்ததும் பிள்ளைகள் மண்வாளியும் கையுமாகப் படியேறுவதைப் பார்த்துக்கொண்டு, கைகூடக் கழுவாமல் டீ குடிப்போம்.

அந்த ஆலைகள் போயின. கார்ட்னர் 1977-ல் கை மாறி, 1986-ல் பெர்கின்ஸிடம் போனது. லாரன்ஸ் கார்ட்னர் 1868-ல் தொடங்கிய தொழில். சவுத்ஹாலில் ஏ.இ.சி. பஸ், லாரி தொழிற்சாலையை 1979-லேயே மூடிவிட்டார்கள். லேலண்டின் பஸ் தொழிலை 1988-ல் வோல்வோ வாங்கியது. இன்று லேலண்ட் ஊரில் லாரி செய்கிறார்கள், ஆனால் அதன் முகப்பில் டாஃப் என்ற வேறு கம்பெனியின் பெயர் இருக்கிறது. அந்தப் பழைய பெயரை முன்னால் தாங்கிப் புதுப் பஸ் வருவது நம் எண்ணூர் அசோக் லேலண்ட்காரர்களிடமிருந்துதான். உன் தெரு முனையில் நிற்கும் டவுன் பஸ்ஸில் அந்த எழுத்தைப் பார்க்கும்போது இந்தச் சின்ன ஊரை நினைத்துக்கொள்.

ஒன்று மட்டும் மறைக்காமல் எழுத வேண்டும். பேரன் என்னோடு வந்திருந்தான். புகை வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டான். "தாத்தா, இது நல்லதா?" என்று கேட்டான். நல்லதில்லை என்றுதான் சொன்னேன். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது. அந்தப் பிட்டுக்குள் மூக்கில் துணிகூடக் கட்டாமல் எத்தனை வருஷம் நின்றோம். நவம்பர் வந்தால் எனக்கு இருமல் வருகிறது, உனக்கும் உண்டு என்று எழுதியிருந்தாய். அவன் பள்ளிக்கூடத்துக்கு மின்சார பஸ்ஸில் போகட்டும், அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் வருஷத்தில் நாலு நாள் இவற்றை ஓடவிட வேண்டும் என்றும் அதே மனசோடு சொல்கிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் சும்மா நிற்கும் கார்ட்னர் வெறும் இரும்பு. ஓடினால்தான் அதைச் செய்தவன் என்ன நினைத்தான் என்பது கேட்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஃபோடனின் சொந்தக்காரனுக்கு முப்பது வயசு இருக்கும், எலக்ட்ரீஷியன். பழைய மேனுவலைப் படித்தே இன்ஜினைக் கழற்றிப் பூட்டியிருக்கிறான். நான் ஃபிட்டர் என்று தெரிந்ததும், "ஸ்லோவில் ஏதோ ஒன்று தட்டுகிறது, கொஞ்சம் கேட்டுச் சொல்ல முடியுமா" என்றான். எனக்குப் பெருமையாகவும் பயமாகவும் இருந்தது. காது மெஷினைக் கழற்றிவிட்டு, நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்தி, ஒவ்வொரு சிலிண்டராகக் கேட்டேன். ஆறில் ஒன்று கொஞ்சம் பிந்தி, மொட்டையாக அடிக்கிறது. டாப்பெட் இல்லை, நாசில்தான் என்பது என் எண்ணம். பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் அத்தனை ஜனத்துக்கு நடுவில் டீசலைச் சிந்த அவனுக்கு மனசில்லை. அடுத்த சனிக்கிழமை அவன் செட்டுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஸ்லோவில் இரண்டு நிமிடம் பேரனைவிட்டு போனில் பதிவு செய்தேன். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து பின்னால் வரை ஒரே சீராக நடந்துகொண்டே எடுத்திருக்கிறான். அதுவும் உன் பேத்தியின் போனுக்கு வரும். போன் ஸ்பீக்கரில் கேட்காதே, அவளிடம் காதில் மாட்டுவதை வாங்கிக்கொள். காலையில் வீடு அமைதியாக இருக்கும்போது கேள். எந்த சிலிண்டர் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை, எழுதினால் உன் காது அதையேதான் தேடும். வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் நம்பரை மட்டும் சொல்லிவிடு.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் நண்பன்