பாஸ்கா திரிக்கு முன்னால் போன் டோர்ச் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொட்டாஞ்சேனையில் 30 வருடமாக வயரிங் வேலை செய்து வருகிறேன். வீடு, கடை, கோவில் என்று எத்தனையோ இடங்களுக்கு லைட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மின்சார வெளிச்சம் வேண்டாம் என்று சொல்கிற ஆள் நானில்லை.

இந்த முறை உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின பெரிய சனி இரவு பூசைக்குக் கொழும்பிலே ஒரு கத்தோலிக்கக் கோவிலுக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். தொடங்குமுன் ஓர் அறிவித்தல் வந்தது. புதிதாகப் பதித்த தரையில் மெழுகு சிந்துகிறதாம், அதனால் மெழுகுதிரி வேண்டாம், அவரவர் போனில் இருக்கிற டோர்ச்சைப் பிடித்தால் போதும் என்றார்கள். எல்லோரும் பிடித்தார்கள். கண் கூசுகிற வெள்ளை வெளிச்சத்துக்கு நடுவே பாஸ்கா திரி என்கிற பெரிய மெழுகுதிரி உள்ளே வந்தது. அதன் சுடரைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை.

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்காக அந்த இரவைக் கொஞ்சம் சொல்கிறேன். கோவிலில் எல்லா விளக்கையும் அணைத்துவிடுவார்கள். வாசலில் புது நெருப்பு மூட்டி, அதிலிருந்து பாஸ்கா திரியை ஏற்றுவார்கள். அந்தத் திரியில் சிலுவையும், அகரமும் னகரமும், அந்த ஆண்டின் நான்கு இலக்கங்களும் இருக்கும். ஆண்டவரின் ஐந்து காயங்களுக்காக ஐந்து சாம்பிராணி மணிகளும் பதித்திருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு இருட்டுக்குள் வந்து, மூன்று இடத்தில் நின்று, 'கிறிஸ்துவின் ஒளி இதோ' என்று பாடுவார்கள். அந்தத் திரியிலிருந்து ஒருவர் பற்றவைப்பார், அவரிடமிருந்து பக்கத்தில் நிற்பவர், அப்புறம் அவருக்குப் பின்னால் நிற்பவர். வரிசை வரிசையாக முகங்கள் தெரியத் தொடங்கும். பிறகு பாடுகிற பாஸ்கா புகழுரையில் அந்த மெழுகைத் தந்த தேனீக்களுக்குக்கூட இடம் உண்டு. பங்கிட்டுக் கொடுத்தாலும் அந்தச் சுடர் குறையாது என்பதும் அதில் வருகிறது.

போன் டோர்ச்சில் இல்லாதது இதுதான். அது என் போன், என் பற்றரி, நானே போட்டு நானே அணைக்கிறேன். யாரிடமும் நான் வாங்கவில்லை, யாருக்கும் அதிலிருந்து கொடுக்கவும் முடியாது. நம்முடைய விசுவாசத்தில் ஒளி என்பது கடவுளிடமிருந்து வாங்கிக்கொள்கிற உயிர். 'வாழ்வு தரும் ஊற்று உம்மிடமே உள்ளது. உமது ஒளியால் யாம் ஒளி பெறுகின்றோம்' என்று 36ஆம் திருப்பாடல் சொல்கிறது. வாழ்வும் ஒளியும் ஒரே வசனத்தில் வருகின்றன. பைபிளின் தொடக்க நூலைத் திறந்து பாருங்கள், முதல் நாளிலேயே ஒளி வந்துவிடுகிறது. சூரியனும் சந்திரனும் நான்காம் நாள்தான். விளக்கு வருமுன்னே வெளிச்சம்! என் தொழிலில் இருக்கிறவனுக்கு அந்த இடத்தைத் தாண்டிப் போக மனம் வராது.

2022இல் 13 மணித்தியாலம்கூட மின்வெட்டு இருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு நாள் இரவு எங்கள் வீட்டில் நெருப்புப்பெட்டி முடிந்துவிட்டது. மேல்மாடியில் இருக்கிற அக்கா சைவக்காரர். சாமி படத்துக்கு முன்னால் இருந்த விளக்கில் ஒரு திரியைக் கொளுத்திக்கொண்டு படியிறங்கி வந்தார். படிக்கட்டில் கடற்காற்று. சுடரை அணைத்துப் பிடித்திருந்த அவருடைய உள்ளங்கை சிவப்பாகத் தெரிந்தது, விரல் இடுக்கால் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் கசிந்தது. 'தம்பி, கெதியா பத்த வையுங்கோ' என்றார். பற்றவைத்தோம். அவருடையதும் எரிந்தது, எங்களுடையதும் எரிந்தது. நான் போட்டுக் கொடுத்த எந்த பல்பும் அன்றைக்கு எரியவில்லை.

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குள் போக முடியாமல் சனங்கள் தெருவிலேயே மெழுகுதிரி ஏற்றினார்கள். 'அந்த ஒளி இருளில் ஒளிர்ந்தது. இருள் அதன்மேல் வெற்றி கொள்ளவில்லை' என்ற யோவான் நற்செய்தி வார்த்தையை நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்தத் தெருவில் நின்றபோதுதான் அது எனக்குள் இறங்கியது.

மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய சின்னத் திரி இன்னும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது, பாதி எரிந்தபடி. அப்பாவின் அடக்கப் பூசையில் அவருடைய பெட்டிக்குப் பக்கத்தில் எரிந்ததும் பாஸ்கா திரிதான். அந்த இரண்டு நாளிலும் அங்கே ஒரு பல்பை வைக்க யாருக்காவது மனம் வருமா?

மெழுகு சிந்தும், சின்னப் பிள்ளைகள் கையைச் சுட்டுக்கொள்வார்கள், முன்னால் நிற்பவரின் முடியில் பிடிக்கலாம் என்ற பயம் நியாயமானது. ஒவ்வொரு திரிக்கும் ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்துப் போட்டுப் பிடித்தால் பாதிப் பிரச்சினை தீரும். பிள்ளைகளின் திரியைப் பெரியவர்கள் பிடிக்கட்டும். அதற்கும் மிஞ்சித் தரையில் விழுந்த மெழுகை, காய்ந்த பிறகு பிளாஸ்டிக் தகட்டால் மெதுவாகச் சுரண்டிவிட்டு, சுடுதண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும்.

அடுத்த வருடம் 200 மெழுகுதிரியும் 200 காகிதக் கோப்பையும் என் செலவில் வாங்கித் தருகிறேன் என்று அந்தக் கோவில் அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன். பூசை முடிந்த பிறகு தரையைச் சுத்தம் பண்ண நானும் மகளும் நிற்போம்.

இப்படிக்கு,
ஒரு வயரிங் தொழிலாளி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.