நைலான் கிடாரா? முதலில் அளவுகோலை எடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஸ்டீல் கம்பியில் கை பழகியவர்கள் நைலான் கிடார் (கிளாசிக்கல் கிடார்) வாங்கப் போனால் முதலில் அளக்க வேண்டியது நட்டின், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் பதிந்து நிற்கும் சிறு பட்டையின், அகலத்தை. ஸ்டீல் கிடாரில் சுமார் 43 மி.மீ.; கிளாசிக்கல் கிடாரில் 52. பார் கார்டு (ஒரே விரலால் பல கம்பிகளைக் குறுக்கே அமுக்குவது) பிடிக்கும்போது மணிக்கட்டு வலிப்பது இந்த 9 மி.மீ. வித்தியாசத்தால்தான். கட்டைவிரலை மேலே சுற்றி ஆறாம் கம்பியை (தடித்தது) அமுக்குகிற பழக்கமும் இதில் செல்லாது. 48 மி.மீ. நட்டுள்ள 'கிராஸ்ஓவர்' வகை நைலான் கிடார் கைக்கு இணக்கம், விலைதான் கொஞ்சம் கூட.

12-ஆம் ஃபிரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) மேல் கம்பி உயரம் ஆறாம் கம்பியில் 4, முதல் கம்பியில் 3 மி.மீ. இருந்தால் சரி. கூடுதலானால் சேடிலை (முகப்பில் ஒட்டிய பிரிட்ஜ் என்ற கட்டையில் கம்பிகளைத் தாங்கும் பட்டை) கழற்றி அடியைத் தேய்க்கலாம்: 12-ஆம் ஃபிரெட்டில் 1 மி.மீ. குறைய சேடிலில் 2 மி.மீ. தேய்க்க வேண்டும். சேடில் பிரிட்ஜுக்கு மேல் நூலளவே தெரிந்தால் அந்தக் கிடாரை விட்டுவிடுங்கள், தேய்க்க இடமில்லை.

பிளைவுட் அல்லாத முழுப்பலகை முகப்பு நாதத்துக்கு நல்லது. ஆனால் கோவை, ஈரோட்டுச் சித்திரை வெயிலில் அது வெடிக்கும்; பெட்டியில் வைத்துப் பேண முடியாதவர்களுக்கு பிளைவுட்டே மேல்.

நைலான் கிடாருக்கு ஸ்டீல் கம்பி மாட்டவே கூடாது. இழுவிசை தாங்காமல் பிரிட்ஜ் பெயர்ந்து வரும். புது நைலான் நாலைந்து நாள் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும், அது பழுதல்ல. வழுவழுப்பான முதல் கம்பியை பிரிட்ஜில் மூன்று சுற்றுச் சுற்றி, வால்நுனி பின்விளிம்புக்குக் கீழே அமுங்கும்படி முடியுங்கள். இல்லாவிட்டால் நழுவி, பலகையில் சுளீரென்று அடித்துப் பள்ளம் போட்டுவிடும்.

– கிடார் பழுதுபார்ப்போர் சிலர், கோவை