மாமரத்துக்கு லிட்டர் கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

குடியாத்தம், அணைக்கட்டு பக்கம் மாந்தோப்புகளில் சொட்டுநீர் போட்ட பிறகும் ‘கரண்டு இருக்கிற வரைக்கும் ஓடட்டும்’ என்பதே கணக்காக இருக்கிறது.

ஒரு மரத்துக்கு நாளுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணக்குப் போட, உச்சிவெயிலில் மரநிழலின் குறுக்களவை அளந்தால் போதும். 6 மீட்டர் என்றால் பரப்பு சுமார் 28 சதுர மீட்டர். கோடையில் திறந்த தொட்டியில் நாளுக்கு 8 மில்லிமீட்டர் ஆவியாவதாக வைத்துக்கொள்வோம். அதைத் தொட்டிக் கெழு (தொட்டியில் ஆவியாவதை நிலத்துக்கு ஏற்பக் குறைக்கும் எண்) 0.7, பயிர்க் கெழு (அந்தப் பயிரின் தேவைக்கு ஏற்ப மாற்றும் எண்) 0.75, பரப்பு 28 மூன்றாலும் பெருக்கினால் ஒரு மரத்துக்கு நாளுக்குச் சுமார் 118 லிட்டர். மணிக்கு 8 லிட்டர் தரும் சொட்டுவான் நான்கு இருந்தால் மூன்றே முக்கால் மணி நேரம் போதும். ஆவியாதல் 4 மில்லிமீட்டராகக் குறையும் மாதத்தில் இதில் பாதி.

ஆனால் 8 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். தோப்பின் கடைக்கோடி மரத்தில் தம்ளர் வைத்து 3 நிமிடம் பிடியுங்கள். 400 மில்லி வரவேண்டும். 250தான் வந்தால் அழுத்தம் போதவில்லை, அல்லது போர் தண்ணீர் உப்பு அடைத்திருக்கிறது. ஃபில்டரைக் கழுவி, லேட்டரல் (சொட்டுவான்கள் பொருத்திய சிறு குழாய்) கடைமூடியைத் திறந்து அழுக்கை வெளியேற்றுங்கள். அதற்கும் மசியாத வெள்ளைப் படிவுக்கு ஆசிட் சுத்தம்தான்.

சொட்டுவானை அடிமரத்தோடு ஒட்டி வைப்பது வீண். தண்ணீர் குடிக்கும் வேர்கள் நிழலின் ஓரத்துப் பக்கம்தான் அதிகம். அடிமரம் ஈரத்திலேயே நின்றால் அழுகலும் வரும்.

காய்க்கும் மரத்துக்குப் பூவுக்கு முந்தைய இரண்டு, மூன்று மாதம் தண்ணீர் கூடாது. விட்டால் பூவுக்குப் பதில் கொழுந்துதான் வரும். ஐப்பசி மழையை நிறுத்த முடியாது, மோட்டாரையாவது நிறுத்தலாமே! பிஞ்சு பட்டாணி அளவு ஆனதும் மறுபடி தொடங்கலாம்.

மா விவசாயிகள் சிலர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.