எனக்குக் கார்டியனாக வந்தவருக்கும், உங்கள் எல்லோருக்கும்

கிறிஸ்துவுக்குள் அன்பான தாங்குநர்களே, ஜெபக்குழுவினரே, மலாவியிலிருக்கும் என் அம்மாமாரே,

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இரண்டு வருட ஊழியத்தை முடித்துக்கொண்டு 2023 டிசம்பரில் நல்லபடியாக ஊர் திரும்பினேன். வந்ததும் உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். நாலைந்து முறை உட்கார்ந்தும் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அது நான் செய்த வேலைகளின் அறிக்கையாக வந்து நின்றது. அந்த அறிக்கையைத் தனியாகச் சபைக்குக் கொடுத்துவிட்டேன். இது நன்றி மடல் மட்டும்தான்.

நான் போனபோது எனக்கு வயது 24. மலாவி ஆப்பிரிக்காவின் தென்கிழக்கே, நீளமான ஓர் ஏரியை ஒட்டியிருக்கும் சின்ன நாடு. நான் இருந்தது தெற்கிலுள்ள பிளான்டயர் நகரத்தில். 2022 ஜனவரியில் நான் போய் இறங்கிய சில நாட்களிலேயே 'ஆனா' என்ற புயல் வந்தது. கபிசிரா நீர்மின் நிலையம் சேதமாகி, நாட்டு மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஒரேயடியாக நின்றுபோனது. பல ராத்திரிகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் சிச்சேவா மொழியை எழுத்துக்கூட்டினேன். எனக்கு மொழி கற்றுத்தந்த ஓய்வுபெற்ற ஆசிரியை அந்த மெழுகுவர்த்தியையும் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். அம்மா, உங்களுக்கு முதல் நன்றி. வாக்கியம் தப்பினால் விட்டுவிடுவீர்கள், வணக்கம் சொல்லும் விதம் தப்பினால் விடமாட்டீர்கள். அங்கே காலையில் ஒருவரைப் பார்த்தால் 'முவாட்சூகா புவாஞ்சி' என்று கேட்க வேண்டும். எப்படி விழித்தீர்கள் என்று அர்த்தம். அவர் பதில் சொல்லி, திருப்பி நம்மைக் கேட்டு, நாமும் பதில் சொன்ன பிறகுதான் வந்த விஷயத்தைப் பேசலாம். அவசரத்தில் இருந்த எனக்கு முதல் இரண்டு மாதம் இது நேரத்தை விழுங்குவதுபோல் இருந்தது. அந்த நாலு வரிக்குள்தான் ஒரு வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் ராத்திரி தூங்கவில்லை என்ற சேதியெல்லாம் வந்துவிடுகிறது என்பது போகப்போகத்தான் தெரிந்தது.

புறப்படும்போது என் மனதில் இருந்த படம் வேறு. மிஷனெரி சரித்திரம் கேட்டு வளர்ந்த பிள்ளை நான். அந்தக் கதைகளில் போகிறவர் கொடுப்பார், அங்கிருப்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் மலாவியில் நான்கில் மூன்று பேருக்கும் மேல் கிறிஸ்தவர்கள். ஸ்காட்லாந்து மிஷனெரிகள் பிளான்டயருக்கு வந்தது 1876-இல். அங்கே புனித மிக்கேல் ஆலயம் என்று அழகான செங்கல் கோயில் ஒன்று நிற்கிறது. கட்டடக்கலை படிக்காத டேவிட் கிளெமென்ட் ஸ்காட் என்ற போதகர் 1888 முதல் 1891 வரை நின்று கட்டுவித்தது. செங்கல் சுட்டதும் அடுக்கியதும் உள்ளூர்க்காரர்களின் கைகள். ஸ்காட்டின் பெயரைத்தான் எல்லோரும் சொல்கிறோம், நானும் இதோ அதையே சொல்லியிருக்கிறேன். இந்த மடலை எழுதும்போது அந்தச் செங்கல் சுவர் என் கண்ணில் நின்றுகொண்டே இருக்கிறது.

என் வேலை குடும்பங்களோடுதான். வாரத்தில் இரண்டு நாள் 'சிக்கெலோ'. குழந்தைகளை எடை போடும் தராசுக்கு அந்தப் பெயர். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான கிளினிக்கையே அம்மாக்கள் சிக்கெலோ என்றுதான் சொல்வார்கள். மரக்கிளையிலோ உத்திரத்திலோ தராசு தொங்கும். பிள்ளைக்கு ஒரு துணி ஜட்டியை மாட்டி, அதன் வாரைக் கொக்கியில் கோத்துவிடுவோம். காலிரண்டும் அந்தரத்தில் ஆட, அது முகத்தைச் சுளித்துக்கொண்டு அம்மாவைத் தேடும். முள் நின்றதும் எண்ணைப் படித்து, அம்மா நீட்டும் 'ஹெல்த் பாஸ்போர்ட்' புத்தகத்தில் குறிக்க வேண்டும். அதே வேலையைப் பதினைந்து வருடமாகச் செய்துவரும் சுகாதாரப் பணியாளர் அண்ணன் ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். எடை குறைந்த பிள்ளையின் அம்மாவிடம் எண்ணைச் சொல்லுமுன் பிள்ளையின் பெயரைச் சொல் என்பார். அண்ணா, அதை நான் இன்னும் மறக்கவில்லை.

மற்ற நாட்களில் ஆஸ்பத்திரியின் கார்டியன் கொட்டகையில் இருப்பேன். இது உங்களில் பலருக்குப் புதிதாக இருக்கும். மலாவியின் அரசு ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு சொந்தக்காரர் ஒருவர் கூடவே வந்து தங்க வேண்டும். அவருக்குக் 'கார்டியன்' என்று பெயர். நோயாளிக்குச் சமைப்பது, துணி துவைப்பது, குளிப்பாட்டுவது, மருந்துச் சீட்டோடு ஓடுவது எல்லாம் அவர் பொறுப்பு. செவிலியர்கள் குறைவு, நோயாளிகள் மிக அதிகம். கார்டியன்கள் இல்லாவிட்டால் வார்டே நடக்காது. வளாகத்துக்குள்ளேயே அவர்களுக்கு ஒரு கொட்டகை, மூன்று கல் அடுப்புகள், ஒரு குழாய். தூரத்துக் கிராமத்திலிருந்து வந்த பெண்கள் வாரக்கணக்கில் அங்கே கிடப்பார்கள். அவர்களுக்கு மக்காச்சோள மாவும் சோப்பும் கொண்டுபோய்க் கொடுப்பேன், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சீட்டைப் படித்துச் சொல்வேன், கேட்டால் ஜெபிப்பேன்.

அங்கேதான் அகோகோவைப் பார்த்தேன். அகோகோ என்றால் பாட்டி. தாயில்லாத பேத்திக்குக் கார்டியனாக வந்திருந்தார். பிள்ளைக்கு ஏழு வயது, கால் எலும்பில் சீழ். ஆறு வாரம் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அகோகோ கிண்டும் நிசிமா என்ற மக்காச்சோளக் களியை நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்ப்பேன். தண்ணீரில் மாவைக் கொஞ்சம் கரைத்துக் கொதிக்கவிட்டு, பிறகு பிடிபிடியாக மாவைப் போட்டு, மரத்துடுப்பால் பானையின் சுவரில் அறைந்து அறைந்து கெட்டியாக்குவார். நெற்றி வேர்வை அடுப்பில் விழாதபடி இடது தோளில் முகத்தைத் துடைத்துக்கொள்வார். நான் செய்த உதவி என்று பார்த்தால் அதிகமில்லை. சில நாட்கள் அவர் தூங்கட்டும் என்று பிள்ளையின் கட்டிலருகே உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

2023 ஜனவரியில் எனக்கு மலேரியா வந்தது. நாடு முழுக்க அப்போது காலரா. அந்தப் பரவலில் 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் நகரத்தில் பள்ளி திறப்பதையே இரண்டு வாரம் தள்ளிப்போட்டார்கள். படுக்கை எங்கும் நிறைந்திருந்தது. நான் முதலில் போன ஓர் இடத்தில் மருந்தில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். குளிரில் பல் கிட்டிப்போய்க் கிடந்த என்னிடம் செவிலியர் கேட்ட முதல் கேள்வி, உன் கார்டியன் யார் என்பதுதான். எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை மாதம் கார்டியன்களோடு இருந்தவளுக்கு ஒரு கார்டியன் இல்லை. அந்த நிமிடத்தைப்போல் நான் ஊரையும் அம்மாவையும் தேடிய நிமிடம் வேறில்லை.

யார் சொல்லி அனுப்பினார்கள் என்று இன்றுவரை தெரியாது. சாயங்காலம் கண்ணைத் திறந்தபோது கட்டிலுக்குக் கீழே ஒரு பாய், பாயில் அகோகோ. பானை, துடுப்பு, மாவுப் பொட்டலம், ஒரு சிடெஞ்செத் துணி எல்லாம் ஒழுங்காகப் பக்கத்தில். செவிலியரிடம் தன்னைக் கார்டியன் என்று எழுதவைத்துவிட்டார். நாலு ராத்திரி தரையில் படுத்திருந்தார். ஆர்ட்டிசுனேட் ஊசி போடும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு 'பெபானி, பெபானி' என்பார். அந்தச் சொல்லுக்கு மன்னிப்பு என்றும் அர்த்தமுண்டு. ஆனால் வழியில் ஒருவர் தடுக்கி விழுந்தாலும், ஒருவர் வீட்டில் சாவு என்றாலும் அதைத்தான் சொல்வார்கள். உன் வலி எனக்குத் தெரிகிறது என்பதற்கு அங்கே அந்த ஒரு சொல் போதும். என் வாயில் வைத்து ஊட்டிய கஞ்சி அவருடைய வீட்டு மாவு. ஜனவரி அங்கே பஞ்ச மாதம், அறுவடைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கும். அந்த மாவின் கணக்கு எனக்குத் தெரியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் வரிசையாகப் பெயர்களைச் சொல்லி வாழ்த்துகிறார். முன்பெல்லாம் அதை வேகமாகத் தாண்டிவிடுவேன். அதில் ஒருவரின் தாயைப் பற்றிச் சொல்லும்போது எனக்கும் தாய் என்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்த இடத்தில் பலநாள் நின்றேன்.

அப்புறம் மார்ச். ஃபிரெடி புயலைப் பற்றி நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை. அன்று ராத்திரியும் மறுநாள் விடியும்போதும் பிளான்டயரின் மலைச்சரிவுகளிலிருந்து பாறையும் சேறுமாக இறங்கி, வீடுகளைக் கொண்டுபோனது. மலாவியில் மட்டும் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் ஆயிரத்துக்கும் மேல். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அகோகோவின் வீட்டுச் சுவர் விழுந்தது. அவரும் பேத்தியும் உயிரோடு ஒரு பள்ளிக்கூட முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள்.

தாங்குநர்களே, அந்த வாரம் நீங்கள் செய்ததை எப்படிச் சொல்வேன். நான் ஒரு குரல் பதிவு அனுப்பினேன், அழுகையில் பாதி விளங்கியிருக்காது. ஒரு வாரத்துக்குள் பணம் வந்தது. ஓய்வூதியத்திலிருந்து கொடுத்த ஐயா ஒருவர், கல்யாணச் செலவைக் குறைத்து அனுப்பிய தம்பதி, உண்டியலை உடைத்த ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள். மாவு, தார்ப்பாய், சோப்பு, சிடெஞ்செ வாங்கினோம். சிடெஞ்செ இரண்டு மீட்டர் துணிதான். பிள்ளையை முதுகில் கட்ட, இடுப்பில் உடுத்த, ராத்திரி போர்த்த, மறைவாக உடை மாற்ற எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். இன்னொன்றும் வாங்கினோம். முகாமில் ஒரு தாயிடம் என்ன வேண்டும் என்று கேட்டபோது, பிள்ளையின் ஹெல்த் பாஸ்போர்ட் சேற்றோடு போய்விட்டது என்று அழுதார். எந்தத் தடுப்பூசி போட்டது, எவ்வளவு எடை இருந்தது, எல்லாம் அதில்தான். புதுப் புத்தகங்கள் வாங்கி, சிக்கெலோ அண்ணனின் பதிவேட்டைப் பார்த்து இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினோம். உங்கள் பணத்தில் என் மனதுக்கு மிகவும் பிடித்த செலவு அதுதான்.

இங்கே ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும். முகாமில் ஒரு குழந்தையின் படத்தை எடுத்து ஜெபக் கடிதத்தில் உங்களுக்கு அனுப்பினேன், அந்தத் தாயிடம் கேட்காமலே. பிறகு அவருக்குத் தெரிந்தபோது, என் பிள்ளை அப்படி அழுக்காக இருக்கும் பிள்ளையல்ல, அன்று ஒருநாள்தான் அப்படி இருந்தது என்றார். அவர் சொன்னது சரி. அந்தப் படம் உங்களிடம் இருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். நான் தவறு செய்தேன். அதற்குப் பிறகும் என்னைத் தன் பாயில் உட்காரவைத்துப் பேசிய அந்த அம்மாவுக்கு நன்றி.

அகோகோவின் வீட்டைத் திரும்பக் கட்டியபோது சபை இளைஞர்கள் வந்தார்கள். 'முட்டு உமோட்சி சுசென்சா டெங்கா' என்று அங்கே ஒரு பழமொழி. ஒரு தலை கூரையைச் சுமக்காது. கூரையைக் கீழேயே கட்டி, பல பேர் தலையில் தூக்கிச் சுவர்மேல் வைக்கும் வழக்கத்திலிருந்து வந்தது. அகோகோவின் வீட்டுக்கு இப்போது தகரக் கூரை. அதில் பாதித் தகரம் உங்களுடையது. மீதியை அக்கம்பக்கத்தார் கொடுத்தார்கள், அவர்களில் சிலரும் வீடிழந்தவர்கள்.

கடைசி மாதங்களைப் பற்றி ஒன்று மட்டும். 2023 நவம்பரில் மலாவியின் நாணயமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்தார்கள். டாலருக்கு ஏறக்குறைய 1,180 என்று இருந்தது ஒரே நாளில் 1,700 ஆனது. வெளிநாட்டிலிருந்து வந்த என் உதவிப்பணம் கூடியது, பக்கத்து வீட்டார் கையிலிருந்த பணம் சுருங்கியது. எனக்கு அது பெரிய பாரமாக இருந்தது. கூடுதலாக வந்த தொகையை உங்களைக் கேட்காமலே கார்டியன் கொட்டகைக்கு மாவாக வாங்கிப் போட்டேன். நீங்கள் சரி என்பீர்கள் என்று தெரியும்.

என்னை அனுப்பிவைத்த அப்பா, அம்மா, ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் எடுத்த போதகர் ஐயா, உங்களுக்கு எழுத்தில் வேண்டாம், நேரில் சொல்கிறேன்.

அங்கே ஒரு விருந்தாளியை வாசலோடு அனுப்பமாட்டார்கள். கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்து வழியனுப்புவார்கள். நான் புறப்பட்ட காலையில் அகோகோ மினிபஸ் நிற்கும் இடம்வரை வந்தார். பேத்தி நொண்டாமல் முன்னால் ஓடினாள், என் பை அவள் தலையில். பஸ் வரும்வரை அகோகோ அதிகம் பேசவில்லை. ஏறும்போது, போய்ச் சேர்ந்ததும் சொல்லி அனுப்பு என்றார்.

அகோகோ, இந்தப் பகுதியைச் சிச்சேவாவில் எழுதி நம் போதகருக்கு அனுப்புகிறேன், அவர் உங்களுக்குப் படித்துக் காட்டுவார். நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். உடம்பு தேறிவிட்டது. நீங்கள் கட்டிவிட்ட சிடெஞ்செ என் கட்டிலில் விரித்திருக்கிறது. ஸிகோமோ க்வாம்பிரி, மிக்க நன்றி, அகோகோ.

உங்கள் மகள்