ஹைலண்ட் என்றால் உள்ளாடைக் கதை மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஸ்வீடன் தொகுப்பாளர் லென்னார்ட் ஹைலண்ட் பற்றி வந்த அரைப் பக்கக் கட்டுரையைப் படித்தேன். 1966-இல் அவருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வந்த நடிகர் பெர் ஆஸ்கார்சன், ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்த நீள உள்ளாடைகளை வரிசையாகக் கழற்றினார், நாடே கொதித்தது, அவ்வளவுதான் கட்டுரை. சரி, நடந்தது உண்மைதான். ஆனால் கழற்றியவர் ஆஸ்கார்சன் ஐயா, ஹைலண்ட் இல்லையே!

ஹைலண்ட் முதலில் வானொலிக்காரர். 1919-இல் த்ரானோஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். 1951 முதல் 1954 வரை சனிக்கிழமை மாலைகளில் 'கருசெல்லன்', அதாவது ராட்டினம், என்ற நிகழ்ச்சியை நடத்தினார். அது முடிந்த பிறகுதான், 1956-இல், ஸ்வீடனில் தொலைக்காட்சியே முறையாகத் தொடங்கியது. அதற்குள் அவர் குரல் எல்லாருக்கும் பழகிவிட்டது.

விளையாட்டு வர்ணனையில் அவருக்கு முன்னோடி ஸ்வென் யெரிங். 1936 பெர்லின் ஒலிம்பிக் கால்பந்தில் ஸ்வீடன் 2-3 என்று ஜப்பானிடம் தோற்றபோது, பக்கம் பக்கமாக விவரிக்காமல் "ஜப்பானியர், ஜப்பானியர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னவர். திடலில் எங்கே பார்த்தாலும் அவர்கள்தான் என்பது அந்த ஒரே வார்த்தையில் வந்துவிட்டது.

ஹைலண்டுக்கு அப்படி ஒரு தருணம் 1962 மார்ச்சில் அமைந்தது. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் உலக ஐஸ் ஹாக்கிப் போட்டி, ஸ்வீடனுக்கும் கனடாவுக்கும் ஆட்டம், ஸ்வீடன் 4-3 என்று முன்னிலை, கடைசி நிமிடம். எப்படியாவது சமன் செய்ய வேண்டும் என்று கனடா தன் கோல்கீப்பரையே வெளியே எடுத்துவிட்டு இன்னொரு ஆட்டக்காரரை இறக்கியிருந்தது. நில்ஸ் நில்சன் தூரத்திலிருந்து அடித்த ரப்பர் வட்டு காலிக் கோலை நோக்கி மெதுவாகப் போகிறது. மறித்து நிறுத்த ஆள் இல்லை. "அது சறுக்கிக்கொண்டு கோலுக்குள் போகிறது" என்றார் ஹைலண்ட். இந்த வாக்கியம் தெரியாத ஸ்வீடன்காரர் இன்றும் அபூர்வம். 5-3. அந்த ஆண்டு உலகச் சாம்பியனும் ஸ்வீடன்தான்.

அதே ஆண்டில்தான் 'ஹைலண்ட்ஸ் ஹார்னா', ஹைலண்டின் மூலை, தொடங்கியது. அரட்டை, பாட்டு, பிரபலங்கள் எல்லாம் கலந்த சனிக்கிழமை நிகழ்ச்சி. 1946-இலிருந்து பிரதமராக இருந்த தாகே எர்லாண்டர் அந்த மேடைக்கு வந்து, ஒரு பாதிரியாரைப் பற்றிய வேடிக்கைக் கதையை ஆற அமரச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். எதிராளி பேசும்போது வாயை மூடிக்கொண்டு கேட்பது தொகுப்பாளருக்குச் சின்ன வேலை இல்லை. அதுவும் எதிரில் இருப்பவர் பிரதமர் என்றால். 1969 டிசம்பர் வரை ஸ்வீடனில் இருந்தது ஒரே அலைவரிசை, அதனால் அன்று பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள். எர்லாண்டரின் செல்வாக்கு கூடியதற்கு அந்த ஓர் இரவையும் காரணமாகச் சொல்வார்கள்.

ஹைலண்ட் 1993-இல் காலமானார். அடுத்த முறை அவரைப் பற்றி எழுதினால் அந்த ரப்பர் வட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், உள்ளாடைக்குக் கொடுத்த இடத்தில் பாதி போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்